பிளாஸ்திரியில் எழுதிய எண்கள்

தம்பிக்கு,

நீ அய்யாவுக்குப் போன் செய்து என்னைப் பற்றி விசாரிப்பதும், அவர் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்று பதில் சொல்வதும், திரும்பி வந்து "அவன் சும்மாதான் கூப்பிட்டான்" என்று என்னிடம் சொல்வதுமாக ஆவணியிலிருந்து நாட்கள் ஓடிவிட்டன. நேற்று அவருக்கே அலுத்துவிட்டது. "இந்தாரு, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் கம்பியா கெடக்க முடியாது. தை மாசம் கல்யாணம் முடிஞ்ச கையோட வீட்டப் பூட்டிட்டு பெங்களூருக்கு வாரீகளா இல்லையான்னு கேக்குறான். நீயே பதில் சொல்லிக்க" என்றார். ஆகவே எழுதுகிறேன். போனில் பேசினால் நான் "முடியாது" என்பேன், நீ வைத்துவிடுவாய். ஒரு தடவை அப்படி நடந்துவிட்டது, அது போதும். எழுத்தில் நான் பொறுமைசாலி என்று முகம் தெரியாத பல பேருக்குத் தெரியும். உனக்கும் தெரியும். உன் கோபத்தில் பாதி அந்தப் பொறுமையைப் பார்த்து வந்ததுதான்.

நீ கேட்பதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சர்க்கரை என் இடது கண்ணுக்குப் போய்விட்டது. மதுரை டாக்டர் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். வலது கண்ணையும் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார். திரையில் நேராக இருக்க வேண்டிய வரி நடுவில் கொஞ்சம் குழிந்து தெரிகிறது. நாள் முழுக்க வரி வரியாகப் படித்துப் பிழைக்கிறவளுக்கு இது என்ன என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. பயமாகத்தான் இருக்கிறது. வீட்டைப் பூட்டு, கம்ப்யூட்டரில் பார்க்கிற அந்த டிரைவர் வேலையை யாரிடமாவது ஒப்படை, கண்ணுக்கு ஓய்வு கொடு, எங்களோடு வந்து இரு என்று நீ சொன்னபோது அது அன்பில்தான் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஆடி மாதம் நீ அனுப்பிய பேட்ச், அந்த மென்பொருள் திருத்தம், அதுவும் அக்கறையில்தான் வந்தது. அதற்கு என்ன பதில் சொன்னேனோ அதையேதான் இதற்கும் சொல்லப்போகிறேன். அதனால் அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

இதை நித்யாவும் படிப்பாள், படிக்கக் கொடு. அவள் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "அத்தை, ஏதோ போர்ட்டு நம்பரு மாத்துனதுக்காகவா அம்மாவும் மகனும் பேசாம இருக்கீங்க? எங்க வீட்டுல சொன்னா சிரிப்பாங்க" என்றாள். அவள் வீட்டில் சிரிக்கட்டும், தப்பில்லை. ஆனால் வீட்டுக்கு வரப்போகிறவளுக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். ராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் இன்டர்நெட் ஆபீசிலிருந்து இறால் பண்ணை, உப்பளம், ஐஸ் பிளான்ட் என்று கடலோரம் முழுக்க இணைப்பு போகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு ரவுட்டர் பெட்டி இருக்கும். உப்புக்காற்றுக்குப் பெட்டியின் திருகு துருப்பிடிக்கும் முன்பே, அதைச் செய்த கம்பெனி அந்த மாடலைக் கைகழுவிவிடும். அப்படிக் கைவிடப்பட்ட பெட்டிகளை ஓடவைப்பதற்கென்று, உலகத்தில் பல இடங்களில் இருக்கும் ஆட்கள் கூலி இல்லாமல் ஒரு மென்பொருளை எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். பெட்டியின் பின்னால் வரிசையாக வயர் சொருகும் துளைகள் உண்டு, அவைதான் போர்ட்டு; அவற்றில் எதில் வருவது எதற்குப் போக வேண்டும் என்று பிரித்துவிடும் சில்லு ஒன்று உள்ளே உண்டு, அதற்கு ஸ்விட்ச் என்று பெயர். அந்தச் சில்லுக்கும் மற்ற மென்பொருளுக்கும் இடையில் நின்று பேசுகிற பகுதிதான் டிரைவர். எங்கள் பெட்டிகளில் இருப்பது ஒரு பழைய சில்லு. முதலில் அதில் ஒரு கோளாறு இருக்கிறது என்று மெயில் எழுதினேன். நீங்களே சரிசெய்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது, அனுப்பினேன். பிறகு அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போனபோது அந்த டிரைவரின் பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டுவிட்டார்கள். யாரும் மாலை போடவில்லை. உன் அய்யாவிடம் சொன்னபோது, "சம்பளம் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப கோயில் தர்மகர்த்தா மாதிரி" என்று சொல்லிவிட்டு மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். கிட்டத்தட்ட அதேதான்.

அந்தச் சில்லில் ஓர் அலங்கோலம் உண்டு. பெட்டியின் முதுகில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அச்சடித்திருக்கும். உள்ளே பலகையில் கம்பிகளை எதிர்ப்பக்கமாக இழுத்திருப்பதால் டிரைவருக்கு அதே துளைகள் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று தெரியும். தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். நீ பெங்களூரில் உன் மேசையில் ஒரு பழைய பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டு, இது என்ன கூத்து என்று நினைத்து, அச்சில் இருக்கிறபடியே டிரைவரும் எண்ணும்படி மாற்றி அனுப்பினாய். எனக்குப் பெருமையாக இருந்தது, இதை அப்போது சொல்லவில்லை. சுத்தமான வேலை. ஒரு வரி கூட அதிகமில்லை. என் அலமாரியில் சும்மா கிடந்த பெட்டியில் போட்டுப் பார்த்தேன், சொன்னபடி ஓடியது. ஆனால் அலமாரியில் கிடக்கும் பெட்டியில் ஒரு வயரும் சொருகியிருக்காது, அதில் எதுவும் ஓடத்தான் செய்யும். வேலையில் இருக்கிற ஒரு பெட்டியில் பார்த்துவிடுவோம் என்று திருப்புல்லாணிக்குத் தெற்கே இறால் பண்ணை வைத்திருக்கும் முனியசாமியிடம் சொல்லிவிட்டு, ஆபீசில் இருந்தபடியே அவன் பெட்டிக்கு அனுப்பினேன். பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்தது. அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

"முனியசாமி, பொட்டில லைட்டு எரியுதா?" என்று போனில் கேட்டேன்.

"எல்லா லைட்டும் எரியுதுக்கா. ஆனா கேமரா தெரியல. ஏரேட்டர் நின்னா போனுக்கு மெசேஜ் வருமே, அது இப்ப வருமா வராதா?"

"வராது. கொளத்துப் பக்கத்துல ஒரு ஆள உக்கார வையி. நான் வாரேன்."

ஏரேட்டர் என்பது குளத்துத் தண்ணீரைச் சுழற்றிக் காற்றைக் கலக்கும் சக்கரம், நித்யாவுக்காகச் சொல்கிறேன். அது நின்றால் இறால் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். அந்த ஆளின் ஒரு போகம் முழுக்க அந்தத் தண்ணீருக்குள் இருந்தது. பஸ் பிடித்து, இறங்கிய இடத்திலிருந்து அவன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, காற்றில் சேலையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஷெட்டுக்குள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், அச்சடித்த எண்களை மறைத்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி நீளமாக ஒட்டியிருந்தது. அதன்மேல் பால்பாயின்ட் பேனாவால் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. இது என்னடா என்று கேட்டேன்.

"நீங்கதானக்கா, பொட்டி வச்ச புதுசுல ஆன்டெனா வயர நாலுல சொருகுன்னு போன்ல சொன்னீங்க. நாலுல சொருகுனா வரல, ஒண்ணுல சொருகுனா வந்துச்சு. சரி, கம்பெனிக்காரன் நம்பரத் தப்பா அடிச்சிட்டான்னு நம்மளா மாத்தி ஒட்டிக்கிட்டேன். அதுக்கப்புறம் நீங்க சொல்ற நம்பரும் இங்கன இருக்குற நம்பரும் ஒண்ணாத்தான இருக்கு?"

பிளாஸ்திரியில் நான்கு என்றிருந்த துளையிலிருந்து வயரைப் பிடுங்கி மறுகோடியில் சொருகினேன், இணைப்பு வந்துவிட்டது. பழைய மென்பொருளையே திரும்பப் போட்டு, வயரையும் பழைய இடத்தில் சொருகிவிட்டு, அவன் மனைவி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். இறால் பிழைத்தது. வரும் வழியெல்லாம் யோசித்தேன். நீ தொழிற்சாலை அச்சைப் பார்த்து டிரைவரைத் திருத்தினாய். அவனோ டிரைவரைப் பார்த்துத் தொழிற்சாலை அச்சை ஏற்கெனவே திருத்தி வைத்திருந்தான். நீயும் சரி, அவனும் சரி. இரண்டு திருத்தமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்ததில் பெட்டி ஊமையாகிவிட்டது. முனியசாமியின் பெட்டி பஸ் போகிற இடத்தில் இருக்கிறது. பாம்பனில் ஐஸ் பிளான்ட் கூரைமேல் கம்பத்தில் ஒன்று இருக்கிறது, ஆடிக் காற்றில் அதில் ஏறு என்று நான் யாரிடம் சொல்வது? பெயர் தெரியாத ஊர்களில் பெயர் தெரியாத ஆட்கள் எந்தெந்தப் பெட்டியில் என்னென்ன பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறார்களோ.

அதனால்தான் மறுநாள், அந்த மென்பொருளை எழுதுகிற எல்லோருக்கும் மெயில் போகிற பட்டியலில், எல்லோரும் பார்க்கும்படி உனக்குப் பதில் எழுதினேன். வேலைக்கு நன்றி, எண்கள் சரி, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிகள் இணைப்பை இழக்கும், பழைய அமைப்பைக் காப்பாற்றும் வழியோடு இரண்டாவது வடிவம் அனுப்பவும் என்று. நாம் தாயும் மகனும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. என் பெயருக்கு முன்னால் என் அப்பாவின் எழுத்து, உன் பெயருக்கு முன்னால் உன் அய்யாவின் எழுத்து. யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், பொறுப்பாளர் தேவையில்லாமல் பிடிவாதம் பிடிக்கிறார் என்று உனக்குப் பரிந்து எழுதியிருந்தார். நீ அதை மறுக்கவும் இல்லை. அன்று சாயங்காலம் நீ போன் செய்தது உனக்கு நினைவிருக்கும். "ஏம்மா, ஊரு முன்னாடி வச்சா சொல்லுவ? எனக்கு ஒரு போன் போட்டுருக்கலாம்ல?" என்றாய். "மத்தவங்களுக்கெல்லாம் நான் போன் போட்டா சொல்றேன்?" என்று கேட்டேன். "அப்ப நான் மத்தவனா?" என்றாய்.

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. அதற்கான பதிலில் பாதியை இப்போது சொல்கிறேன். அந்தப் பட்டியலில் நீ மத்தவன்தான். அங்கே அப்படி இருப்பது உனக்கு மரியாதை. அம்மா பார்த்துச் சேர்த்துக்கொண்ட வேலை என்று பின்னால் ஒருவன் சொல்லக் கூடாது. மீதிப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த இடத்தில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் அனுப்பியதை மறுத்தால் அது முடிவு இல்லை. காரணத்தைச் சொல்லி மறுக்க வேண்டும். மறுக்கப்பட்டவர் யோசித்து இரண்டாவது வடிவம் அனுப்புவார், அதன் கீழே கோடு போட்டு, முதல் வடிவத்திலிருந்து என்ன மாற்றினேன் என்று எழுதுவார். அதையும் மறுக்கலாம், மூன்றாவது வரும். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. என்ன மாற்றினேன் என்பதை மட்டும் எழுதினால் போதும். நம் வீடுகளில் இந்த வழக்கம் இல்லாமல் போனதைப் பார்த்துக்கொண்டேதான் நீ வளர்ந்தாய். உன் அய்யாவும் சித்தப்பாவும் போர் மோட்டார் யார் எப்போது போடுவது என்பதில் ஆரம்பித்தார்கள். இன்றைக்கு மோட்டாரும் இல்லை, போரில் தண்ணீரும் இல்லை, பேச்சும் இல்லை. "அவன் வந்து கேக்கட்டும்" என்று இவர் வரப்பின் இந்தப் பக்கமும், "அண்ணன் வந்து கேக்கட்டும்" என்று அவர் அந்தப் பக்கமும் நிற்கிறார்கள். இரண்டு பேரும் மனதுக்குள் எப்போதோ மாறிவிட்டார்கள், எனக்குத் தெரியும். உன் கல்யாணப் பத்திரிகையை நான் நீட்டியபோது சித்தப்பா அழுதுவிட்டார். ஆனால் என்ன மாறியது என்று ஒருவரும் மற்றவரிடம் சொல்வதில்லை. நீயும் அந்த ரத்தம்தான், நானும் இந்த வீட்டில் இருந்து இருந்து அப்படியே ஆகிவிட்டேன் போலிருக்கிறது.

கல்யாணத்துக்குப் புத்தி சொல்லும் வயது எனக்கு வந்துவிட்டது என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முதல் வருஷம் எதையும் திருத்தாதே. நித்யா, நீயும்தான். ஒரு பழக்கம் தலைகீழாகத் தெரிந்தால் அதில் யார் என்ன பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள் என்று முதலில் பார். தம்பி, உன் அய்யா கோபம் வந்தால் மிளகாய்க்கு மருந்து அடிக்கும் பம்பை எடுத்துக் கழுவ உட்கார்ந்துவிடுவார். கழுவின பம்பையே கழுவுவார். கல்யாணமான புதிதில் எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. பிறகுதான் பிடிபட்டது, பம்பு காய்ந்தால் கோபமும் காய்ந்துவிடும். ஒருமுறை உன் சின்னம்மா வந்திருந்தபோது, "இது என்னத்தான் பழக்கம்?" என்று பம்பை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள். அந்தக் கோபம் போக இடமில்லாமல் மிளகாய் வாங்க வந்த வியாபாரிமேல் இறங்கியது, அந்த வருஷம் அவர் வேறு ஊரில் வாங்கிக்கொண்டார். உன் அய்யா "பாப்போம்" என்றால் இல்லை என்று அர்த்தம், "சரி" என்றால் பார்ப்போம் என்று அர்த்தம். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இது தப்பான எண். எனக்கு இத்தனை வருஷமாக எல்லாம் சரியான துளையில்தான் போய்ச் சேர்கிறது. உனக்கும் சில உண்டு. சாப்பிடும்போது யாராவது கேள்வி கேட்டால் நீ எரிந்து விழுவாய், கை கழுவிய பிறகு நீயே வந்து சொல்வாய். நித்யா இதை இப்போதே குறித்துக்கொள்ளட்டும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வீட்டைப் பூட்டிவிட்டு வாருங்கள் என்பது உன் முதல் வடிவம். அச்சில் இருக்கிறபடி பார்த்தால் அது சரி. வயதாகிவிட்டது, கண் சரியில்லை, மகன் நகரத்தில் இருக்கிறான், அப்படியானால் பெற்றவர்களின் இடம் அங்கே. இதில் ஒரு பிழையும் காட்ட முடியாது. ஆனால் எங்களில் என்னென்ன வயர் எங்கெங்கே சொருகியிருக்கிறது என்று நீ திருப்பிப் பார்க்கவில்லை. போன தடவை உன் வீட்டுக்கு வந்திருந்தபோது உன் அய்யா காலையில் எழுந்ததும் கீழே போய் வாட்ச்மேனிடம் மழை பெய்யுமா என்று கேட்டுக்கொண்டு நின்றார். அந்த ஆளுக்குத் தமிழே தெரியாது. இங்கே அவர் செடியைப் பார்க்காத நாளில் சாப்பாடு இறங்காது. எனக்கு ஆபீஸ் பஸ் இருக்கிறது, அலமாரி நிறையப் பழைய பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றைக் கையில் எடுத்துத் தடவினாலே எந்த மாடல் என்று சொல்லிவிடுவேன், கண் போனாலும் அது போகாது. முனியசாமிக்கு என்னைக் கூப்பிடத் தெரியும், எனக்கு அவன் பிளாஸ்திரி தெரியும். என் கண்ணைத் தெரிந்த டாக்டரும் மதுரையில்தான் இருக்கிறார், பெங்களூரில் இல்லை. மாற்றி வைத்தால் எங்கள் மேல் எல்லா விளக்கும் எரியும். பேச்சுதான் வராது.

எனவே முதல் வடிவத்தை ஏற்கவில்லை. கோபமாகச் சொல்லவில்லை. போனில் ஒற்றை வார்த்தையில் சொன்னதைக் காரணத்தோடு சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான். இரண்டாவது வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். மறுக்கிறவளே எழுதியும் கொடுத்தால் அது உன் வேலையாக இருக்காது. பழைய பெட்டிகளுக்குப் பழைய எண்ணும் புதியவற்றுக்குப் புதிய எண்ணும் வைக்க உனக்குத் தெரியாதா? அந்த டிரைவரில் பொறுப்பாளர் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் இருக்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. இதற்குமேல் சொன்னால் நானே எழுதிக்கொடுத்த கணக்காகிவிடும்.

இப்போது அந்த மீதிப் பதில். போன வாரம் பட்டியலில் வேறொருவர், அந்தப் போர்ட் எண் பேட்ச் அப்படியே கிடக்கிறதே, எழுதியவர் திரும்பி வருவதாகத் தெரியவில்லை, நான் இரண்டாவது வடிவம் அனுப்பட்டுமா என்று கேட்டார். நல்ல ஆள், நன்றாகவே எழுதுவார். இந்த வேலையில் யாராவது காணாமல் போனால் அடுத்தவர் எடுத்துக்கொள்வதுதான் முறை. நானே எத்தனையோ பேரிடம் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறேன். அவருக்கு மட்டும், முதலில் எழுதியவர் வருவார், இன்னும் கொஞ்சம் காத்திருப்போம் என்று எழுதினேன். மத்தவனாக இருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

அனுப்பு. கீழே கோடு போட்டு என்ன மாற்றினாய் என்று எழுத மறக்காதே. எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொண்டு நானே படிக்கிறேன். என் கண் படிக்கிற காலத்துக்குள் அனுப்பிவிடு.

அம்மா